பதினாலா, நாற்பத்தொன்றா? எண்ணுப்பெயர்களும் சிறுபிள்ளைக் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிச் சீமையில் மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எண் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும், ஆச்சி தாத்தாமாருக்கும், அங்கன்வாடி, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் எழுதப்பட்டது இது. பேச்சில் எண்கள் எப்படி ஒலிக்கின்றனவோ அப்படியே பல இடங்களில் கொடுத்திருக்கிறோம். பிள்ளையின் காதில் விழுவது அந்த ஒலிதான்.

எண்ணின் பெயருக்கும் கணக்கு வருவதற்கும் என்ன சம்பந்தம்?

14 என்று எழுதும்போது பத்தைக் காட்டும் 1 முதலில் வருகிறது, 4 பிறகு வருகிறது. ‘பதினாலு’ என்ற சொல்லிலும் அதே வரிசைதான். காது கேட்ட வரிசையிலேயே கை எழுதிவிடலாம். ஆங்கில ‘ஃபோர்டீன்’ நாலை முன்னால் வைக்கிறது. அதனால் அதைக் கேட்கும் பிள்ளை 41 என்று எழுத இடமிருக்கிறது.

ஜெர்மன் மொழியில் இந்தச் சிக்கல் 99 வரை நீள்கிறது. அங்கே 25 என்பது ‘ஐந்தும் இருபதும்’. ஜெர்மன் பேசும் ஆஸ்திரிய முதல் வகுப்புப் பிள்ளைகள் சொல்லக் கேட்டு எழுதிய எண்களை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், பிழைகளில் ஏறத்தாழப் பாதி இப்படி இடம் மாறியதோடு தொடர்புடையவை. செக் மொழியில் இரண்டு விதமாகவும் சொல்லும் வழக்கு உண்டு. அங்கே ஒரே பிள்ளைகளுக்கு இரு விதமாகவும் எண் சொல்லி எழுதவைத்தபோது, ஒன்றாம் இடத்தை முன்னால் வைத்துச் சொன்ன முறையில்தான் இடமாறல் பிழைகள் குவிந்தன (2011). பள்ளியும் ஆசிரியரும் பிள்ளைகளும் மாறவில்லை, எண்ணின் பெயர் மட்டுமே மாறியது. எண்ணுப்பெயரின் பங்கை இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டும் சான்று வேறு எளிதில் கிடைக்காது.

சீன மொழிப் பிள்ளைகள் கணக்கில் முந்துவதற்கு மொழிதான் காரணமாமே?

ஓரளவுக்குத்தான். சீனத்தில் 11 ‘பத்து ஒன்று’, 25 ‘இரண்டு பத்து ஐந்து’. கெவின் மில்லரும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள சீன, அமெரிக்கப் பிள்ளைகள் பத்து வரை சொல்வதில் வேறுபடவில்லை. பதினொன்றைத் தாண்டும்போதுதான் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் தடுக்கினார்கள். ஆனால் சிறு குவியலை எண்ணுவதிலும் எளிய கணக்கைப் போடுவதிலும் இரு தரப்பும் ஒன்றாகவே இருந்தன. இந்த இரண்டாம் பாதியைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சொல் வழியை எளிதாக்கும், அளவு பற்றிய அறிவை அது தானாக ஊட்டிவிடாது.

தமிழ் இதில் எங்கே நிற்கிறது?

நடுவில், நல்ல பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. ஆங்கிலத்தைவிடத் தெளிவு, சீனத்தைவிடக் கொஞ்சம் கரடு. ஆன் டவுக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகத் தொட்டது. வேல்ஸ் நாட்டுப் பிள்ளைகளோடு, இங்கிலாந்தில் வாழும் தமிழும் ஆங்கிலமும் அறிந்த பிள்ளைகளையும் அவர்கள் சோதித்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் ஒரு கணக்குத் தேர்வில் ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஈரிலக்க எண்களை ஒப்பிடுவதில் வித்தியாசம் தெரியவில்லை. வேல்ஸ் மொழி பேசிய பிள்ளைகளுக்கு நேர்மாறு: கணக்குத் தேர்வில் வித்தியாசமில்லை, ஈரிலக்க எண்ணைப் படிப்பதிலும் ஒப்பிடுவதிலும் முந்தினார்கள். ஆக, ‘தமிழில் படித்தால் கணக்கு தானாக வந்துவிடும்’ என்று யாரும் மார்தட்ட முடியாது. கையில் ஒரு நல்ல கருவி இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். அண்டை மொழிகளோடு வைத்துப் பார்த்தாலும் அது தெரியும்: இந்தியில் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டும், 29ஐ ‘முப்பதுக்கு ஒன்று குறைவு’ என்ற பொருளில் சொல்கிறார்கள்.

தமிழ் எண்ணுப்பெயர்களில் பிள்ளைகள் எந்தெந்த இடத்தில் தடுக்குகிறார்கள்?

*பதினொன்று முதல் பத்தொன்பது வரை.* இங்கே பத்துக்கு மூன்று முகங்கள்: பதினொண்ணு, பதிமூணு போன்றவற்றில் ‘பதின்’ அல்லது ‘பதி’, பன்னெண்டில் ‘பன்’, பத்தொம்பதில் முழுப் ‘பத்து’. வரிசை சரியாக இருப்பதால் இடமாறல் பிழை குறைவு. ஆனால் பன்னெண்டில் பத்து ஒளிந்திருப்பதைப் பிள்ளை தானாகக் கண்டுகொள்ளாது, சொல்லித்தான் தர வேண்டும். பதினாலும் பதினாறும் வேகமாகச் சொன்னால் ஒன்றுபோலக் கேட்கும். எழுதச் சொல்லும்போது ‘லு’, ‘று’ இரண்டையும் அழுத்திச் சொல்லுங்கள்.

*இருபது முதல் எண்பது வரை.* வீட்டில் பிள்ளைக்குத் தெரிந்தது ‘ரெண்டு’. ‘இருவது’ என்பதில் அந்த ரெண்டு இல்லை. நம் பேச்சில் ‘இரு’ என்றால் உட்கார், பொறு என்றுதான் பொருள். எட்டுக்கும் எம்பதுக்கும் உள்ள உறவும் காதுக்கு எட்டாது. போதாததற்கு ‘இருவது’, ‘அறுவது’ ஒரு ஜோடி, ‘எளுவது’, ‘எம்பது’ இன்னொரு ஜோடி. 20 கேட்டால் 60 எழுதும் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். முதல் எழுத்தைத் தவறவிட்டிருக்கலாம். எண்ணைச் சொன்ன கையோடு ‘ரெண்டு பத்து’ என்றும் சொல்லிப் பாருங்கள். சரியாக எழுதிவிட்டால் சிக்கல் ஒலியில் இருக்கிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ‘இருபது’ என்பதில் மங்கியிருக்கும் பத்து, ‘இருபத்தொன்று’ என்பதில் தெளிவாக எழுந்துவருகிறது: இரு, பத்து, ஒன்று. அதனால் 20ஐ விளக்கும் முன் 21, 22, 23 ஆகியவற்றை விளக்குவது பல பிள்ளைகளுக்கு எளிது. பாடப்புத்தக வரிசைக்கு இது மாறானதுதான், ஆனாலும் செய்யலாம்.

*ஒன்பதில் முடியும் இடங்கள்.* 29க்கு அடுத்து ‘இருவத்திப் பத்து’ என்று சொல்லும் பிள்ளை விதியைப் பிடித்துவிட்டது, அதைத் திட்டக் கூடாது. ‘ஆமா, ரெண்டு பத்தும் இன்னொரு பத்தும் சேந்தா எத்தன பத்து?’ என்று கேளுங்கள். 1 முதல் 100 வரை தினமும் ஒப்பிக்க வைப்பதைவிட 18, 19, 20, 21, பிறகு 28, 29, 30, 31 என்று வளைவுகளை மட்டும் சொல்லவைப்பது பயன் தரும். நேரமெல்லாம் தெரிந்த எண்களில் போய்விடக் கூடாது.

தொண்ணூறை ஏன் இவ்வளவு பேர் தப்பாக எழுதுகிறார்கள்?

அந்தச் சொல்லுக்குள்ளேயே நூறு இருப்பதால். எட்டுப் பத்து எண்பது என்று வந்த பிள்ளை ‘ஒன்பது’ என்று தொடங்கும் ஏதோ ஒன்றை எதிர்பார்க்கிறது. வருவதோ ‘தொண்ணூறு’. அதேபோல் 900இல் ஆயிரம் ஒலிக்கிறது: தொள்ளாயிரம். தொல்காப்பியமே குற்றியலுகரப் புணரியலில் இவை இரண்டுக்கும் தனி விதி சொல்கிறது. செங்கோட்டை வழியாக மலை தாண்டினால் மலையாளத்திலும் இதே அமைப்புத்தான். பிள்ளைக்கு இந்த வரலாறு வேண்டாம், தடுக்கும் இடம் எது என்று சொல்லித்தருபவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

மோசமான இடம் 91 முதல் 99 வரை. ‘தொண்ணூத்தி ஒண்ணு’, ‘நூத்தி ஒண்ணு’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலசை ஒன்றுதான் வித்தியாசம். 91 கேட்டால் 101 என்றோ 901 என்றோ எழுதுவதற்குக் காரணம் இதுவே. 900 கேட்டால் 9000 எழுதுவதும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது: பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டுகளை (கட்டும் முறை கீழே) அடுக்கியபடி இரட்டைப் பெயர் சொல்லுங்கள். ‘ஏழு பத்து, எழுவது. எட்டுப் பத்து, எம்பது. ஒம்பது பத்து, தொண்ணூறு. பத்துப் பத்து, நூறு.’ தொண்ணூறில் நிறுத்தி, ‘நூறாக இன்னும் எத்தன கட்டு வேணும்?’ என்று கேளுங்கள். ‘ஒண்ணு’ என்ற பதில் வந்தால் தொண்ணூறு நூறுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டது. எண்பதையும் தொண்ணூறையும் ஒரே நாளில் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

என் மகள் ஐம்பது வரை கடகடவென்று சொல்கிறாள். ஏழு முத்து எடு என்றால் கைநிறைய அள்ளித் தருகிறாள். ஏன்?

வரிசையைச் சொல்வது ஒரு திறன், கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்று அறிவது இன்னொரு திறன். இரண்டுக்கும் இடையே ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம் என்று கேரன் வின் 1990 முதல் செய்த ஆய்வுகள் காட்டின. பிள்ளைகள் முதலில் ‘ஒன்று’க்கு மட்டும் பொருள் அறிகிறார்கள், பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று படிப்படியாக ஏறுகிறார்கள். அதன் பிறகுதான் முழு விதியும் பிடிபடுகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் 10 புளியமுத்து, பக்கத்தில் ஒரு தட்டு. ‘தட்டுல ஒண்ணு வையி’ என்று தொடங்குங்கள். வைத்ததும் ‘இது ஒண்ணா?’ என்று ஒரு முறை மட்டும் கேளுங்கள். சரியானால் அடுத்த எண்ணுக்கு ஏறுங்கள், தவறினால் ஒன்று குறையுங்கள். ஒரே எண்ணை மூன்று முறை கேட்டு இரண்டு முறையாவது சரியாக வைத்தால் அந்த எண் பிள்ளைக்குத் தெரியும் என்று கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முகம் சுளித்தோ விரல் காட்டியோ உதவாதீர்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள் என்பதால் அவர்களுக்கு முத்துக்குப் பதிலாகக் கரண்டி, கிண்ணி போன்றவற்றை வையுங்கள்.

இங்கே இலக்கணமும் சற்று குறுக்கிடக்கூடும். ஒருமை, பன்மை தவிர இரண்டை மட்டும் குறிக்க ‘இருமை’ என்று தனி வடிவம் உள்ள ஸ்லோவேனிய, அரபு மொழிப் பிள்ளைகள் ‘இரண்டு’ என்பதன் பொருளைச் சீக்கிரம் பிடிக்கிறார்கள் என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் பேச்சில் ‘ஒரு மாங்கா, ரெண்டு மாங்கா’ என்கிறோம், மாங்காய் மாறுவதில்லை. பெயர்ச்சொல் துப்புத் தராத மொழியில் எண்ணைக் காதில் போடும் வேலை பெரியவர்களுடையது. ‘வாழப்பழத்த எடுத்துட்டு வா’ என்பதற்குப் பதில் ‘மூணு வாழப்பழம் எடுத்துட்டு வா, மக்கா’ என்று சொல்வதே பெரிய பாடம். கொண்டுவந்த பிறகு எண்ணிக் காட்டி, கடைசி எண்ணை இரண்டு முறை சொல்லுங்கள்: ‘ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு பழம்.’

பத்துக் கட்டுவது எப்படி?

ஈர்க்குச்சியைப் போல மலிவான, பொருத்தமான பொருள் வேறில்லை. ஒரே நீளமாக, சுமார் 10 செ.மீ., 120 துண்டுகள் நறுக்குங்கள். முனையைத் தரையில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். சிறிய ரப்பர் பேண்ட் 12 போதும்.

முதல் நாள் பிள்ளையே பத்து எண்ணிக் கட்டட்டும். கட்டி வைத்ததைக் கொடுத்தால் ‘கட்டு’ என்பது ஒரு பொருளாகிவிடும், அதற்குள் பத்து இருப்பது மனதில் நிற்காது. பிறகு 23 கேளுங்கள். தனித்தனியாக 23 குச்சி எண்ணினால் தடுக்க வேண்டாம். எண்ணி முடித்ததும் ‘கட்டு வச்சுச் செய்யி பாப்போம்’ என்று கேளுங்கள். 1988இல் ஐரீன் மியூராவும் மற்றவர்களும் செய்த ஆய்வில் சீன, ஜப்பானிய, கொரிய முதல் வகுப்புப் பிள்ளைகள் எண்ணைக் காட்டப் பத்தைக் குறிக்கும் கட்டைகளை எடுத்தார்கள், அமெரிக்கப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றைக் குறிக்கும் கட்டைகளையே அடுக்கினார்கள். அதை மொழியின் விளைவு என்று மட்டும் பார்த்துவிட முடியாது. செய்துகாட்டும் விதத்தைப் பொறுத்தும் பிள்ளைகள் மாறுகிறார்கள். அதனால் நீங்கள் ஒரு முறை கட்டு வைத்துக் காட்டுவது வீணாகாது.

அடிக்கடி நடக்கும் பிழை, ஒரு கட்டில் 9 அல்லது 11 இருப்பது. பிள்ளையை விட்டே அவிழ்த்து எண்ணச் சொல்லுங்கள். இன்னொன்று, 3 கட்டும் 4 குச்சியும் வைத்து ‘ஏழு’ என்று சொல்வது. அப்போது கட்டுகளைத் தொட்டுப் ‘பத்து, இருவது, முப்பது’ என்றும், குச்சிகளைத் தொட்டு ‘முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு’ என்றும் தொடர வேண்டும். கட்டுகளை எப்போதும் பிள்ளையின் இடப்பக்கம் வையுங்கள், எழுதும் வரிசையோடு அது ஒத்துப்போகும். இது கைவந்தபின் பத்து ரூபாய் நோட்டுக்கும் ஒரு ரூபாய்க் காசுக்கும் போகலாம். நோட்டிலிருந்து தொடங்கக் கூடாது. அதை அவிழ்த்துப் பத்தைப் பார்க்க முடியாது.

பீடி சுற்றும் வீடுகளில் பீடிக்கட்டை எண்ணக் கொடுக்காதீர்கள். புகையிலைத் தூள் பிள்ளையின் கையில் படும். அந்தக் கட்டும் பத்தின் கட்டு அல்ல.

பிள்ளை ஆங்கில வழியில் படிக்கிறான். வீட்டில் தமிழில் எண் சொன்னால் குழம்புவானா?

மாட்டான். பாலத்தைக் கட்டாமல் விட்டால்தான் குழப்பம். பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்குக் கடையில் ‘பதினஞ்சு ரூவா’ என்று காதில் விழுகிறது, வகுப்பில் ‘ஃபிஃப்டீன்’. இரண்டும் ஒன்றே என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ குழப்பம் ஒவ்வொரு பதின் எண்ணிலும் உண்டு. தமிழில் பதிமூணும் முப்பதும் ஒன்றையொன்று நெருங்கவே இல்லை. அந்தத் தெளிவைப் பயன்படுத்துங்கள்: ‘ஃபோர்டீன், பதினாலு, பத்தும் நாலும்.’ 13 முதல் 19 வரை இந்த மூன்றடுக்குச் சொல் இரண்டு வாரம் போதும்.

பிள்ளை எழுதி முடித்த எண்ணை மட்டும் பார்க்காமல் கையையும் பாருங்கள். ‘ஃபோர்டீன்’ கேட்டு முதலில் 4 போட்டுவிட்டு, இடப்பக்கம் 1ஐச் செருகும் பிள்ளைகள் உண்டு. விடை சரி, பழக்கம் ஆபத்து. மூன்று இலக்கம் வரும்போது கவிழும். பத்தின் இடத்திலிருந்து எழுதச் சொல்லுங்கள். மதரஸாவில் அரபு எண்கள் படிக்கும் பிள்ளைகளிடமும் இதைக் கவனியுங்கள். அரபியில் 11 முதலே ஒன்றின் இடம் முன்னால் வருகிறது.

வாய்ப்பாட்டை மட்டும் ஒரே மொழியில் வைத்திருங்கள். மனப்பாடமான கணக்கு, படித்த மொழியிலேயே வேகமாக வரும். ரஷ்யமும் ஆங்கிலமும் அறிந்தவர்களிடம் 2001இல் செய்த சோதனையில் துல்லியமான கூட்டல் விடைகள் அப்படித்தான் மொழியோடு ஒட்டிக்கொண்டன.

இருநூற்று ஐந்தை 2005 என்று எழுதுகிறான். எப்படித் திருத்துவது?

கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறான்: இருநூறு, பிறகு ஐந்து. பல மொழிகளிலும் பிள்ளைகள் இதைச் செய்வார்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் எண் அட்டைகள் வெட்டுங்கள். உயரம் 6 செ.மீ. ஒன்றுகளுக்கு அகலம் 4 செ.மீ., பத்துகளுக்கு 8, நூறுகளுக்கு 12. ஒவ்வொன்றிலும் ஒன்பது, மொத்தம் 27 அட்டைகள். ஒவ்வொரு இலக்கமும் சரியாக 4 செ.மீ. இடத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுக்கும்போது பொருந்தாது. 200இன் மேல் 5ஐ வலது ஓரம் சேர்த்து வைத்தால் 205. ஐந்து, கடைசிச் சுழியின் மேல் உட்கார்ந்ததைப் பிள்ளை பார்க்கும். நடுவில் நிற்கும் சுழி ‘பத்து ஒண்ணுமில்ல’ என்பதன் அடையாளம்.

சுழிக்கு நம்மிடம் பெயர் அதிகம்: சைபர், பூஜ்யம், சுழியம், முட்டை. ஒரு வருடத்துக்கு ஒரு பெயரை வைத்துக்கொள்ளுங்கள். ‘அது ஒண்ணுமில்ல, விட்டுரு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். 205ஐ 25 ஆக்கும் பிள்ளை அந்தச் சொல்லை அப்படியே நம்பியிருக்கிறது.

பின்னங்களில் தமிழ் உதவுமா?

கால், அரை, முக்கால் மூன்றும் உதவும். கால் கிலோ, அரை லிட்டர், ஆறே முக்கால் மணி எல்லாம் பள்ளிக்கு முன்பே காதில் விழுந்தவை. முக்காலுக்குள் மூன்று கால் இருப்பதைத் தோசையை நான்காக மடித்து வெட்டிக் காட்டலாம். சிக்கல் வேறிடத்தில். ‘மூன்றில் ஒரு பங்கு’ என்பதில் மூன்று முதலில் வருகிறது, எழுதும்போது மேலே வருவது 1. அதனால் சிலர் 3/1 என்று எழுதுவார்கள். கோட்டை முதலில் போட்டு, அதன் கீழே 3 எழுதி, பிறகு மேலே 1 எழுதச் சொல்லுங்கள். சொல்லின் வரிசையே எழுதும் வரிசையாகிவிடும், பிழைக்கு இடமிராது.

பல்லாங்குழியும் தாயமும் ஆடினால் கணக்கு வருமா?

பல்லாங்குழி, ஒரு குழிக்கு ஒரு முத்து என்று ஒன்றுக்கு ஒன்று பொருத்தக் கற்றுத்தரும், எண்ணின் பெயரைக் கற்றுத்தராது. ஆடும்போது வாய்விட்டுச் சொன்னால்தான் அது நடக்கும். வேறொரு ஆட்டத்துக்கு நல்ல சான்று உண்டு. ராமணி, சீக்லர் என்ற ஆய்வாளர்கள் 2008இல், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளை 1 முதல் 10 வரை நேர்கோட்டில் எண் எழுதிய கட்டங்களில் ஆடவைத்தார்கள். சுமார் 15 நிமிடம் வீதம் நான்கு அமர்வுகள். எண்களின் அளவை ஒப்பிடுவது, எண்ணுவது, எண்ணைப் படிப்பது எல்லாம் மேம்பட்டன. முற்றத்தில் சாக்பீஸால் பத்துக் கட்டம், இடமிருந்து வலமாக. சோழியையோ சீட்டையோ கொண்டு 1 அல்லது 2 விழவைத்து நகர வேண்டும். முக்கியமானது இது: 4இல் நிற்கும் பிள்ளைக்கு 2 விழுந்தால் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று நகரக் கூடாது, ‘அஞ்சு, ஆறு’ என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர வேண்டும்.

நெல் அளக்கும்போது ‘லாபம், ரெண்டு, மூணு’ என்கிறார்கள். பிள்ளை கேட்டால்?

முதல் அளவுக்கு மங்கலமாகச் சொல்வது அது, அங்கே லாபம்தான் ஒன்று என்று சொல்லிவிடுங்கள். குழம்ப மாட்டார்கள்.

௧, ௨, ௰ போன்ற தமிழ் எண் குறிகளைச் சிறுவயதிலேயே கற்பிக்கலாமா?

நான்காம் வகுப்புக்கு மேல் கற்பிக்கலாம். பழைய முறையில் 25 என்பது ௨௰௫: இரண்டு, பத்து, ஐந்து. பேசும்படியே எழுதும் அழகான முறை. ஆறு வயதில் காட்டினால், 205ஐ 2005 என்று எழுதும் பழக்கத்துக்கு அதுவே துணைபோகும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

நான்கரை வயதைத் தாண்டியும் ‘மூணு குடு’ என்றால் மூன்று எடுக்க வரவில்லை என்றால், மேலே சொன்ன முத்து ஆட்டத்தைத் தினமும் சில நிமிடம் என மூன்று மாதம் செய்யுங்கள். மாற்றமே தெரியாவிட்டால் ஆசிரியரிடம் பேச வேண்டும். இரண்டாம் வகுப்பு முடிவில் பத்துக்குள் கூட்டலுக்கு ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணுகிறது, 38, 83 இவற்றில் பெரியது எது என்று தெரியவில்லை என்றால் அதுவும் அப்படியே. தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் எதில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள், போன பருவத்திலும் அதே நிலைதானா என்றும் கேளுங்கள்.

காதையும் மறக்க வேண்டாம். இருவதும் அறுவதும், பதினாலும் பதினாறும் ஓயாமல் மாறினால், ‘ரெண்டு பத்து’ என்று சொன்னால் மட்டும் சரியாக எழுதினால், முதலில் செவித்திறனைச் சோதியுங்கள். சளி, காதில் சீழ் அடிக்கடி வரும் பிள்ளைகளுக்கு இது கட்டாயம். அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் அங்கன்வாடிக்கு இரு முறையும் வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் இதைச் சொல்லலாம், அங்கிருந்து மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள். போகும்போது பிள்ளை எழுதிய நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த எண்ணைச் சொன்னபோது எதை எழுதியது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள்.